எந்த எண்ணைச் சொல்வது?

சென்ற மாத இதழில், மாற்றலாகி ஊர்விட்டு ஊர் வரும் குடும்பங்கள் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழுக்காகப் படும் பாட்டைப் பற்றி எழுதியிருந்தோம். அதன் எஞ்சிய பகுதியை இம்மாதம் எழுதுவதாக வாக்களித்ததும் நினைவில் இருக்கிறது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அதனை அடுத்த இதழுக்கு ஒத்தி வைத்துவிட்டு, நம் வாழ்வுக்குச் சற்றும் தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஒரு செய்தியை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் ஊக்கமருந்து புகுந்த கதையும், அது வெளிப்பட்டபோது அந்நாட்டு ரசிகர்கள் நடந்துகொண்ட விதமுமே அச்செய்தி. நாகபுரியில் இருந்துகொண்டு அமெரிக்கப் பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் இப்பகுதியின் பிற்பாதி வரையில் பொறுத்திருக்க வேண்டுகிறோம்.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். இரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சிக்காகோ நகரை அடுத்து வாழும் தம் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு அண்மையில் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகசாலையில் நம்மைக் கண்டதும், நலம்கூட விசாரியாமல், "தம்பி, நீங்கள்தான் அந்த ஆட்டத்தைப் பார்க்கிறவராயிற்றே, இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று தொடங்கினார். அவருடைய பேரனுக்கு ஒன்பது வயது, பேஸ்பால் பைத்தியம். ஒரே ஆண்டில் மிகுதியான ஹோம் ரன் அடித்தவர் யார் என்று அவன் பலரிடமும் கேட்டிருக்கிறான். பள்ளி ஆசிரியை, பாரி பாண்ட்ஸ் என்பவர் 2001-ஆம் ஆண்டில் அடித்த 73 என்றாராம். அண்டை வீட்டு முதியவர், "அதெல்லாம் மருந்தின் கணக்கு; 2022-ஆம் ஆண்டில் ஆரன் ஜட்ஜ் அடித்த 62-தான் மெய்க்கணக்கு" என்றாராம். பையனின் தந்தையோ, அதாவது பெரியவரின் மாப்பிள்ளை, ஒன்றும் சொல்லாமல் எழுந்து தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாராம்.

"முப்பத்துநான்கு வருஷம் கார்டாக இருந்தேன். வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று கேட்டால் ஒரே பதில்தான் உண்டு. இதற்கு மட்டும் இரண்டு பதிலும் ஒரு மௌனமும் எப்படி வந்தன, தம்பி?" என்றார் பெரியவர்.

நமக்கு அவ்வாட்டம் பழக்கமானது இரவுப் பணியினால். காலை ஆறு மணிக்குச் சரக்கு அலுவலகத்தில் பணி முடித்து வெளியேறும்போது சிக்காகோவில் முந்தைய நாள் இரவு ஏழரை மணி. ஆட்டம் சூடு பிடித்திருக்கும் நேரம். காப்பி ஆறும் வரை கைப்பேசியில் பார்ப்போம் என்று தொடங்கியது, இல்லத்தரசியின் கண்டனத்தையும் மீறிப் பத்தாண்டுகளாக நீடிக்கிறது. பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் கிரிக்கெட்டைப் போலவே ஒருவர் பந்தை எறிவார், ஒருவர் மட்டையால் அடிப்பார். அடித்த பந்து எல்லை வேலிக்கு அப்பால் பறந்து விழுந்தால் அது ஹோம் ரன். நம் சிக்ஸருக்கு இளைய சகோதரன் என்று கொள்ளலாம். ஆனால் அதைவிட எவ்வளவோ அரியது. ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். அத்தனை ஆட்டங்களிலும் சேர்த்து 40 ஹோம் ரன் அடித்தவரைப் பெரும் மட்டையாளர் என்று கொண்டாடுவர்.

அந்நாட்டு மக்களுக்கு இவ்வாட்டத்தின் எண்கள் வெறும் எண்கள் அல்ல. 1927-ஆம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேப் ரூத் அடித்த 60-ஐத் தாத்தா சொல்லத் தந்தை கேட்டிருப்பார். 1961-ஆம் ஆண்டில் அதே அணியின் ரோஜர் மாரிஸ் அடித்த 61-ஐத் தந்தை சொல்ல மகன் கேட்டிருப்பான். குடும்பச் சொத்துப் போல எண்கள் கைமாறி வந்தன. ரூத் ஆடிய காலத்தில் பருவத்திற்கு 154 ஆட்டங்கள்தாம், மாரிஸுக்கோ 162. ஆதலால் மாரிஸின் கணக்கைத் தனியே குறிக்க வேண்டும் என்று அந்நாளில் ஆட்டத்தின் தலைமை அதிகாரியாக இருந்த ஃபோர்டு ஃப்ரிக் அறிவித்தார். மக்கள் அதற்கு 'நட்சத்திரக் குறி' என்று பெயரிட்டனர். அப்படியொரு குறி எந்த அதிகாரப் புத்தகத்திலும் அச்சேறியதில்லை என்பது வேடிக்கை. எனினும் அப்பேச்சு மாரிஸை வாழ்நாள் முழுதும் வாட்டியது. 1985-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்; அவருடைய 61-ஐத் தனித்து நிற்கும் சாதனையாக முறைப்படி ஏற்றுக்கொண்டது 1991-ஆம் ஆண்டில்.

இனி ஊக்கமருந்தின் கதைக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டு உலகப் போர்களிலும் நிற்காத உலகத் தொடர் இறுதிப் போட்டி அவ்வாண்டு நின்றது. முதலாளிகளும் ஆட்டக்காரர்களும் பணத்திற்காகச் சண்டையிட, நடுவில் நின்ற ரசிகன் வெறுத்துப் போனான். மறு ஆண்டு ஆட்டம் தொடங்கியபோது இருக்கைகள் பல காலியாகக் கிடந்தன. அந்த வெறுப்பு ஆறத் தொடங்கி, 1998-ஆம் ஆண்டுக் கோடையில் முழுதும் மறைந்தது. செயின்ட் லூயி கார்டினல்ஸ் அணியின் மார்க் மக்வயரும், சிக்காகோ கப்ஸ் அணியின் சாமி சோசாவும் மாரிஸின் 61-ஐ நோக்கி ஒருவரையொருவர் துரத்தி ஓடினர். ஆட்டத்திற்கு முன் மக்வயர் பயிற்சிக்காகப் பந்தடிப்பதைப் பார்ப்பதற்கென்றே மக்கள் முன்னதாக வந்து கூடினர். செப்டம்பர் 8-ஆம் நாள் மக்வயர் 62-ஆவதை அடித்தார். எதிரணியில் நின்ற சோசா ஓடிவந்து அவரைத் தழுவிக்கொண்டார். மக்வயர் பார்வையாளர் பக்கம் சென்று, அங்கே அமர்ந்திருந்த மாரிஸின் மக்களைத் தழுவினார். வேலிக்கு அப்பால் விழுந்த பந்தை எடுத்த மைதானப் பணியாளர் ஒருவர், விலை பேசாமல் அதை மக்வயரிடமே கொடுத்துவிட்டார். பருவம் முடிந்தபோது மக்வயர் 70, சோசா 66. இன்றைக்கும் அக்காட்சிப் படத்தைப் பார்க்கும்போது நமக்கு மயிர்க்கூச்செறிகிறது. பின்னால் தெரிந்ததெல்லாம் தெரிந்த பின்னும் அப்படித்தான்.

ஆனால் அந்தத் தழுவலுக்குச் சில வாரங்களுக்கு முன்பே ஒரு செய்தி வெளிவந்திருந்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டீன், மக்வயரின் உடைமாற்றும் பெட்டியின் அலமாரித் தட்டில் ஒரு புட்டியைக் கண்டார். ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்னும் மருந்து அது. அந்நாளில் கடையில் எவரும் வாங்கக் கூடியது. பேஸ்பால் அதைத் தடை செய்திருக்கவில்லை. ஆயின் ஒலிம்பிக் போட்டிகளிலும் அமெரிக்கக் கால்பந்திலும் அது தடை செய்யப்பட்டிருந்தது. செய்தியைப் படித்த ரசிகர்கள் யார்மீது சினந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? நிருபர்மீது. அடுத்தவர் அலமாரியை எட்டிப் பார்க்க இவருக்கு என்ன உரிமை என்றனர். அந்த நிறுவனத்தாரை ஆட்டக்காரர் அறைக்குள்ளேயே விடக்கூடாது என்று அணியின் மேலாளர் பேசினார். கடைகளில் அந்த மருந்தின் விற்பனை பெருகியது.

பின்னாளில் இந்த ரசிகர்களே "நாங்கள் ஏமாற்றப்பட்டோம்" என்று குமுறினார்கள். குமுறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் புட்டியின் செய்தி வந்தது ஆகஸ்டில். கைதட்டல் விண்ணைப் பிளந்தது செப்டம்பரில். ஏமாந்தவர்களில் பலர் ஏமாற விரும்பித்தான் ஏமாந்தார்கள் என்று நாம் சொன்னால் அமெரிக்க நண்பர்கள் கோபிக்கக் கூடாது.

மருந்து செய்யும் வேலை எளிதில் விளங்கக் கூடியது. ஆண் உடலில் இயற்கையாகச் சுரக்கும் சத்தைப் போலச் செயற்கையாகச் செய்த பொருள் ஸ்டீராய்டு. உழைத்துத் தளர்ந்த தசை விரைவில் தேறும், மேலும் உழைக்கும், பருக்கும். உழைப்பு இல்லாமல் மருந்து மட்டும் பந்தைப் பறக்க விடாது என்பதும் உண்மையே; ஆட்டக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட சமாதானமும் அதுதான். இதயத்திற்கும் ஈரலுக்கும் அதனால் கேடு. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ச்சி நின்றுவிடும்; திடீரென்று விட்டால் மனம் இருண்டு போகும். மருத்துவர் சீட்டின்றி அதை வைத்திருப்பது அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். 1991-ஆம் ஆண்டில் பேஸ்பால் தலைமை அதிகாரி ஃபே வின்சென்ட் அணிகளுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பினார். சோதனை மட்டும் இல்லை. சோதனையில்லாத சுற்றறிக்கை என்ன பாடுபடும் என்பதை அலுவலகத்தில் வேலை செய்யும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பெயர் குறியாமல் 2003-ஆம் ஆண்டில் ஒரு முன்னோட்டச் சோதனை நடத்தி, நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் சிக்கியதால் 2004-ஆம் ஆண்டில்தான் தண்டனையோடு கூடிய சோதனை வந்தது.

அதற்குள் திரை விலகத் தொடங்கிவிட்டது. 1996-ஆம் ஆண்டில் தேசிய லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்ற கென் காமினிட்டி, அந்த ஆண்டு தாம் ஸ்டீராய்டு உட்கொண்டதாக 2002-ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகைக்கு வெளிப்படையாகக் கூறினார். இரண்டாண்டில், 41-ஆம் வயதில் மாண்டார். 2003-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பால்கோ என்னும் நிறுவனத்தில் அரசாங்கத்தார் சோதனையிட்டனர். பாண்ட்ஸின் பெயர் அவ்வழக்கில் அடிபட்டது. 2005-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் அந்நாட்டுக் காங்கிரஸின் குழுவொன்று ஆட்டக்காரர்களை அழைத்து விசாரித்தது. அவர்களுக்கு முன்னர்ச் சாட்சி சொன்னவர்கள், ஸ்டீராய்டு உட்கொண்டு பின் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்ட இரண்டு இளைஞர்களின் பெற்றோர். அவர்கள் அழுது பேசிய அதே மண்டபத்தில் மக்வயர், கடந்தகாலத்தைப் பற்றிப் பேச வரவில்லை என்று மீண்டும் மீண்டும் கூறினார். ரஃபேல் பால்மெய்ரோ விரலை நீட்டி, தாம் ஒருபோதும் தொட்டதில்லை என்றார். ஆகஸ்டில் அவரே சோதனையில் சிக்கித் தண்டனை பெற்றார். டொராண்டோ மைதானத்தில் ரசிகர்களின் கூச்சலைத் தாங்காமல் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு ஆடினார் என்று படித்தபோது, நீட்டிய அந்த விரல்தான் நம் நினைவுக்கு வந்தது.

ரசிகர்களின் சினமெல்லாம் ஒருங்கே திரண்டது பாண்ட்ஸின்மீது. ஆண்டுக் கணக்கில் 73 அடித்தவர், வாழ்நாள் கணக்கில் ஹாங்க் ஆரனின் 755-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். 2006-ஆம் ஆண்டுப் பருவத்தின் தொடக்கத்தில் ஸான் டியேகோவில் ஒருவர் ஊசியில்லாத மருந்தூசிக் குழலை மைதானத்தில் அவர் பக்கத்தில் எறிந்தார். பாண்ட்ஸ் அதை எடுத்து அப்பால் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். சென்ற ஊரெல்லாம் நட்சத்திரக் குறி வரைந்த அட்டைகள், கூச்சல். சொந்த ஊரான ஸான் பிரான்ஸிஸ்கோவில் மட்டும் ஆரவார வாழ்த்து. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் அங்கேதான் 756-ஆவதை அடித்தார். வாணவேடிக்கை நடந்தது. ஆரனின் வாழ்த்துச் செய்தி பெரிய திரையில் ஒளிபரப்பாகியது. ஆரன் நேரில் வரவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1974-ஆம் ஆண்டில் ரூத்தின் 714-ஐ ஆரன் தாண்டியபோது, கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையரின் சாதனையைத் தொடுவதா என்று கொலை மிரட்டல் கடிதங்கள் அவருக்குக் குவிந்தன. ஸ்டீராய்டின் வாடையே இல்லாத மனிதருக்கு அந்த நிலை. எனவே பாண்ட்ஸின்மீது பாய்ந்த சினத்தில் எவ்வளவு மருந்தைப் பற்றியது, எவ்வளவு நிறத்தைப் பற்றியது என்று கறுப்பின ரசிகர்கள் பலர் கேட்டனர். வெள்ளையரான மக்வயரின் புட்டியைக் கண்டபோது நிருபரைத் திட்டியவர்கள் பாண்ட்ஸைக் கண்டபோது அட்டையைத் தூக்கினார்கள் அல்லவா என்பது அவர்கள் கேள்வி. பாண்ட்ஸ் இனிமையாகப் பழகும் மனிதரும் அல்லர். அதுவும் கணக்கில் சேரும். எனினும் அக்கேள்வியைப் புறக்கணிக்க முடியவில்லை.

756-ஆவது பந்தின் கதை விசித்திரமானது. உடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ அதை 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, இதை என்ன செய்யலாம் என்று மக்களையே வாக்களிக்கச் சொன்னார். அப்படியே கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்திற்குக் கொடுப்பதா, நட்சத்திரக் குறி பொறித்துக் கொடுப்பதா, விண்வெளிக்கு அனுப்பிவிடுவதா? ஒரு கோடிக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. நூற்றுக்கு 47 பேர் குறி பொறிக்கச் சொன்னார்கள். 34 பேர் அப்படியே கொடுக்கச் சொன்னார்கள். 19 பேர் விண்வெளிக்கு. பந்தின் தோலில் குறி பொறிக்கப்பட்டது. மருந்தறியாத மாரிஸின் பெயருக்கு அருகில் அச்சேறாமலே அவரைக் கொன்ற அக்குறி, இங்கே கண்ணால் காணும்படி பொறிக்கப்பட்டுப் புகழ்மண்டபத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சொந்த ஊர்க்காரன் என்றால் குற்றம் சிறுத்துவிடுவதும், பக்கத்து ஊர்க்காரன் என்றால் பெருத்துவிடுவதும் உலகெங்கும் உண்டு போலும். 2009-ஆம் ஆண்டில் 50 ஆட்டத் தடை முடிந்து திரும்பிய மானி ராமிரெஸை லாஸ் ஏஞ்சலீஸ் மக்கள் ஊர்வலத்துத் தெய்வத்தைப்போல் வரவேற்றனர். நியூயார்க்கில் ஆண்டி பெட்டிட் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்; அவரை விரைவில் மன்னித்தனர். 2014-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் தடை செய்யப்பட்ட அலெக்ஸ் ராட்ரிகெஸ் மறு ஆண்டு திரும்பியபோது நியூயார்க்கில் கைதட்டல், பாஸ்டனில் கூச்சல். ஒரே மனிதர், ஒரே மருந்து!

இவற்றுள் மில்வாக்கி நகரின் ரயன் ப்ரானுடைய கதைதான் நம் நெஞ்சில் தைத்தது. 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவருடைய சிறுநீர் மாதிரியை எடுத்த பணியாளர், அன்று அதை அனுப்ப வழியில்லை என்று கருதித் தம் வீட்டில் பத்திரப்படுத்தித் திங்களன்று அனுப்பினார். முத்திரை குலையவில்லை. சோதனையில் மருந்து தெரிந்தது. மாதிரி உடனே அனுப்பப்படவில்லை என்ற காரணத்தால் நடுவர் 2012-ஆம் ஆண்டில் தண்டனையை நீக்கினார். ப்ரான் அதோடு நில்லாமல், பத்திரிகையாளர் முன்னிலையில் அந்தப் பணியாளர்மீதே ஐயம் எழும்படி பேசினார். பல கோடி டாலர் ஊதியம் பெறும் வீரர் ஒருபுறம், கடமையைச் செய்த சிற்றூழியர் மறுபுறம். அவ்வூர் ரசிகர்கள் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா? 2013-ஆம் ஆண்டில் ப்ரான் 65 ஆட்டத் தடையை ஏற்றுக்கொண்டு, அப்பணியாளரிடமும் மன்னிப்புக் கேட்டார். பருவச் சீட்டு வாங்கியிருந்த ரசிகர்கள் சிலரைத் தாமே தொலைபேசியில் அழைத்தும் வருத்தம் தெரிவித்தார். 2014-ஆம் ஆண்டின் முதல் ஆட்டத்தில் மில்வாக்கி மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மன்னித்தது பெருந்தன்மைதான், குறை கூறவில்லை. பத்திரச் சீட்டில் ஒரு கையெழுத்துத் தவறினால் என்ன நேரும் என்று அறிந்தவர்கள் நாம். ஆகையால் அந்தப் பணியாளருக்காக எழுந்து நின்று கைதட்டியவர் எவரேனும் உண்டா என்று நம் மனம் தேடுகிறது.

2010-ஆம் ஆண்டு ஜனவரியில் மக்வயரும் ஒப்புக்கொண்டார். வெளியில் அறிவிக்குமுன் மாரிஸின் மனைவியாரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாராம். 2022-ஆம் ஆண்டில் ஜட்ஜ் 62-ஐ எட்டியபோது மாரிஸின் மகன், இதுவே உண்மையான சாதனை என்று சொன்னார். மிகப் பல ரசிகர்களும் அப்படியே கொண்டாடினர். ஜட்ஜ் மட்டும், சாதனை என்பது 73-தான் என்று கூறிவிட்டார். அதே ஆண்டு ஜனவரியில் புகழ்மண்டபத் தேர்வில் பாண்ட்ஸ் தம் பத்தாவது, கடைசி வாய்ப்பில் 66 விழுக்காடு பெற்றார், வேண்டியது 75. ஆகவே அங்கே வெண்கலப் பட்டயம் மாட்டிய கூடத்தில் அவர் இல்லை. குறி பொறித்த பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 73 என்ற எண் அதிகாரப் புத்தகத்தில் இருக்கிறது. அண்டை வீட்டு முதியவரும் ஆசிரியையும் ஆளுக்கொரு பதில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை அமெரிக்கரைக் குறை சொல்லியாயிற்று. இனி நம் வீட்டுக்கு வருவோம்.

ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்தில் பளு தூக்கும் இளைஞன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தோம். நம் சங்கத்துக் குடும்பத்துப் பிள்ளை, வயது 19. இளையோர் போட்டியில் பதக்கம் வென்றான். விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வே வேலை கிடைத்துவிடும் என்று வீடே காத்திருந்தது. நாம் வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டிப் பொன்னாடை போர்த்தினோம். அவன் படத்தைச் சட்டமிட்டு வாசகசாலைச் சுவரில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். பிறகு சோதனை முடிவு வந்தது. நான்காண்டுத் தடை. பயிற்சிக் கூடத்தில் ஒருவர் சத்து ஊசி என்று போட்டாராம். ஊசியின் பெயரை அவன் கேட்கவில்லை. நாலைந்து மாதத்தில் இவன் எப்படி இவ்வளவு கூடுதலாகத் தூக்குகிறான் என்று நாமும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று எழுதத்தான் பேனா ஓடுகிறது. தோன்றியது, கேட்கவில்லை என்பதே உண்மை.

செய்தி வந்த மறுநாள் இரவு, செயலாளரிடம் திறவுகோலை வாங்கிச் சென்று படத்தைக் கழற்றியவர்கள் நாமே. குழு கூடவில்லை, தீர்மானம் இல்லை. ஆணியை மட்டும் பிடுங்க முடியவில்லை. படம் இருந்த இடத்தில் சுவர் வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து அவனுடைய அன்னையார் படித்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். சுவரை ஒருமுறை பார்த்தார்கள். புத்தகங்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பின் பொங்கல் விழாவுக்கும் வரவில்லை, ஆண்டு விழாவுக்கும் வரவில்லை.

சரக்கு அலுவலகத்தில் நாம் சேர்ந்த காலத்தில் கைப்பதிவேடுகள் இருந்தன. எண் தவறிவிட்டால் சுரண்டி அழிக்கக் கூடாது, அழிப்பது பெருங்குற்றம். பழைய எண்ணைப் படிக்க முடியும்படி அதன்மேல் சிவப்பு மையால் ஒரே ஒரு கோடு இழுத்து, சரியான எண்ணை மேலே எழுதி, தேதியிட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். முதல் வாரத்திலேயே தலைமை எழுத்தர் நமக்குக் கற்பித்த பாடம் அது. அலுவலகத்தில் ஒருநாளும் மீறாத அம்முறையை வாசகசாலைச் சுவரில் மீறினோம்.

பெரியவரிடம் இத்தனையும் சொல்லவில்லை. "பேரனிடம் எண்களை எல்லாம் சொல்லுங்கள், ஐயா. ஆண்டோடு சேர்த்துச் சொல்லுங்கள். மருந்தையும் சொல்லுங்கள். உன் அப்பா ஏன் பேசவில்லை என்பதை மட்டும் அப்பாவிடமே கேள் என்று சொல்லுங்கள்" என்றோம். மறு ஞாயிறு அவர் வந்து நடந்ததைக் கூறினார். மாப்பிள்ளை 1998-ஆம் ஆண்டில் சிக்காகோவில் மாணவராக இருந்தாராம். கையில் இருந்த சொற்பப் பணத்தில் ரிக்லி மைதானத்தின் வலப்புறத் திறந்த இருக்கைக்குச் சீட்டு வாங்கி, சோசா ஓடிவந்து தம் இடத்தில் நிற்கும்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்தினாராம். அந்நிய நாட்டில் முதன்முதலாகத் தாமும் நாலு பேரோடு சேர்ந்தவர் என்று தோன்றிய நாள்கள் அவை. பின்னால் செய்திகள் வந்தபோது அந்த நாள்களை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் சோசா, தவறுகள் செய்ததாகப் பொதுப்படையாக வருந்தி அறிக்கை விட்டார். மறு மாதம் கப்ஸ் அணியின் ரசிகர் கூட்டத்திற்குப் பல ஆண்டுகளுக்குப் பின் வந்தபோது மக்கள் ஆரவாரித்து வரவேற்றனர். அக்காட்சியை மாப்பிள்ளை மனைவி மக்கள் உறங்கிய பிறகு தனியே அமர்ந்து பார்த்தாராம். இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பையன், "அப்படியென்றால் 66-ஐயும் எழுதிக்கொள்ளட்டுமா, அப்பா?" என்றானாம். எழுதிக்கொள் என்றாராம் தந்தை.

நம் இளைஞனின் தடைக்காலம் முடியச் சில மாதங்களே உள்ளன. படம் சங்கத்து மேசையின் இழுப்பறையில்தான் இருக்கிறது; கண்ணாடி உடையவில்லை. இரண்டாம் ஞாயிறு கூடும் செயற்குழுவில் அதைப் பற்றிப் பேச அனுமதி கேட்டிருக்கிறோம். அதற்கு முன் அவனையும் அவன் அன்னையாரையும் அவர்கள் வீட்டில் சென்று காண வேண்டும்; படத்தை மறுபடி மாட்டலாமா, வேண்டாமா என்று அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். கழற்றியது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளிச் சான்றிதழ் பற்றிய எஞ்சிய பகுதி அடுத்த இதழில் தவறாது வெளிவரும்.